படகு ஓடாத மாதங்கள்

“இன்னும் பதினோரு நாள்தான்” என்று டூனிஸ் சொன்னபோது, தன் முட்டி அறுவை சிகிச்சையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சைக்கிள்காரர்களை ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுவிடுகிற இந்தப் படகை ஓட்டுகிறவர்கள் எல்லாரும், டூனிஸ் உட்பட, ஓய்வுபெற்ற ஆட்கள். சம்பளம் கிடையாது, காப்பி உண்டு. முட்டி, இடுப்பு, ரத்தக்கொதிப்பு என்றுதான் அவர்கள் பேச்சு போகும். நான் சைக்கிளைப் படகின் கம்பியில் சாய்த்துவிட்டு, “ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு ஆபரேஷன்? படகைச் சொல்றேம்மா. முப்பதாம் தேதியோட கட்டிப் போட்டுடுவோம். அப்புறம் ஏப்ரல் ஒண்ணாந் தேதிதான்.”

“கட்டிப் போடுவீங்கன்னா?”

“இழுத்துக் கரையில ஏத்திடுவோம். குளிர்காலத்துல தண்ணி எப்ப ஏறும், மூடுபனி எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்? அந்தக் குளிர்ல எவன் வருவான்? நானே வரமாட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “போர்டுல எழுதியிருக்கே. பெருசா, மேலேயே.”

எழுதித்தான் இருந்தது. ஜூன் மாதம் அந்தப் பலகையை நான் போட்டோவே எடுத்திருந்தேன். கைபேசியில் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை ஆறரை முதல் மாலை ஏழுவரை, கால் மணிக்கு ஒரு தடவை, நாய்க்குத் தனிக் கட்டணம் இல்லை. எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது. அதற்கெல்லாம் மேலே நீல எழுத்தில் ஒரு வரி: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. மூன்று மாதமாக என் சட்டைப் பையிலேயே கிடந்த வரி. படகு நடு ஆற்றில் இருந்தது. நான் பதறியிருக்க வேண்டும். ஐயோ என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மணல் ஏற்றிய சரக்குக் கப்பல் ஒன்று எங்களைக் கடந்து போனது, அதன் அலையில் படகு ஆடியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் பெயர் ரென்ஸ்கே. வயது நாற்பத்து நாலு. நீர்வாரியத்தில் வேலை. தாழ்ந்த நிலத்துத் தண்ணீரை இறைத்து மேலே ஆற்றில் கொண்டுபோய் விடுகிற பம்ப் நிலையங்களில் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர்தான் என் பிழைப்பு, ஆனால் ஆற்றைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் நெதர்லாந்தின் வடக்கே, குரோனிங்கன் பக்கம். அங்கே வாய்க்கால் உண்டு, வாய்க்காலுக்குப் பாலம் உண்டு, பாலம் கோடை குளிர் பார்க்காமல் அங்கேயே நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குள் ஏதோ அணைந்துபோனது. இன்ன காரணம் என்று சொல்லத் தெரியவில்லை. யாரும் சாகவில்லை, யாரும் கைநீட்டவில்லை. ஒருநாள் காலையில் காலுறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள், மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்தார், மாத்திரை கொடுத்தார். என் கணவன் வெஸ்ஸல் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். சுவரோடு எத்தனை நாள் பேச முடியும்? பிரிந்தோம். அவன் தெற்கே இருநூறு கிலோமீட்டரில் இந்த ஆற்றின் தென்கரையில் இருக்கிற தன் சொந்த ஊரான வெல்டமுக்குப் போனான். எங்கள் மகள் ஃபென்னாவையும் கூட்டிக்கொண்டு போனான், ஏனென்றால் எங்கள் இருவரில் அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட முடிந்தவன் அவன்தான். நானும் தலையாட்டினேன். அப்போது யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை கொஞ்சம் வேலை செய்தது. அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, ஆனால் காலுறை இரண்டையும் போட்டுக்கொள்ள முடிந்தது. போன வசந்தத்தில், வெல்டமுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பம்ப் நிலையத்தில் இடம் காலி என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. மத்தியஸ்தர் முன்னால் உட்கார்ந்து வெஸ்ஸலும் நானும் பிள்ளை வளர்ப்பு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினோம். ஃபென்னா ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம். ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் ஃபென்னா கேட்டதுதான்: பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வீடும் சைக்கிளில் பத்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். காரில் கொண்டுபோய் விடுகிற பிள்ளையாக இருக்க அவளுக்கு இஷ்டமில்லை. பத்தைத் தாண்டினால் பள்ளி நாட்களில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டே இருக்கிறவரின் வீட்டில் இருப்பாள். அதாவது அவனிடம்.

எங்கள் நாட்டில் வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் சைக்கிளில் வழியை மிதித்துப் பார்ப்பார்கள். நானும் மிதித்துப் பார்த்தேன். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபென்னாவையும் கூட்டிக்கொண்டு. இரண்டு வீடுகள் கைவசம் இருந்தன. ஒன்று வெல்டமிலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், வரிசை வீடுகளில் நடு வீடு. இன்னொன்று வடகரையில், வெள்ளத்தைத் தடுக்கிற கரைமேட்டுக்கு அடியில், சமையலறை ஜன்னலில் நின்றால் கப்பல்களின் மேல்பாதி மட்டும் புல்லுக்கு மேலே ஊர்ந்து போவது தெரியும். தென்கரை வீட்டை எடுத்தால் நான் படகில் ஏறி வேலைக்குப் போக வேண்டும், ஆறு கிலோமீட்டர். வடகரை வீட்டை எடுத்தால் ஃபென்னா படகில் ஏறி பள்ளிக்கூடம் போக வேண்டும், அதுவும் ஆறு கிலோமீட்டர். இரண்டும் ஒன்றுதானே என்று வடகரை வீட்டை எடுத்தேன். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம்.

இரண்டும் ஒன்றில்லை. படகு இல்லாவிட்டால் மேற்கே இருக்கிற பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்த இருபத்திரண்டை யார் தலையில் கட்டுவது என்பதைத்தான் அன்றைக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், தெரியாமலே. பன்னிரண்டு வயதுப் பெண் தலையில் கட்டிவிட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாலையே வெஸ்ஸலுக்குப் போன் செய்தேன். அவன் சமைத்துக்கொண்டிருந்தான், வெங்காயம் பொரிகிற சத்தம் கேட்டது.

“படகு செப்டம்பரோட நின்னுடுமாமே.”

“ஆமா, வருஷா வருஷம் அப்படித்தானே.”

“உனக்குத் தெரியுமா?”

“என்ன ரென்ஸ் இப்படிக் கேக்கற? இங்க பொறந்த நாய்க்கும் தெரியும்.” அடுப்பை அணைத்தான் போல. வெங்காயச் சத்தமும் நின்றது. “உனக்குத் தெரியாதா? நீ ஏதோ யோசிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சேன். எலக்ட்ரிக் சைக்கிள், அந்த மாதிரி. ஃபென்னா சொல்லியிருப்பாளே.”

“அவளுக்கு எப்படித் தெரியும்?”

“ஏப்ரல் ஒண்ணாந் தேதி மொத படகுல ஸ்கூல் பசங்க எல்லாம் ஏறி அந்தக் கரைக்குப் போய்ட்டு வருவாங்க. கேக்கெல்லாம் குடுப்பாங்க. வருஷா வருஷம் நடக்கறது. இந்த வருஷம் அவளும் போனாளே, படம்கூட அனுப்பினேன் உனக்கு.”

அனுப்பித்தான் இருந்தான். படகில் முப்பது பிள்ளைகள், மூலையில் மஞ்சள் ஜாக்கெட்டில் ஃபென்னா, வாயெல்லாம் க்ரீம். அதற்கு நான் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக அனுப்பியிருந்தேன். ஆக, ஜூன் மாதம் என்னோடு அந்தப் படகில் நின்று, ‘இந்த வீட்டை எடுக்கலாமா’ என்று நான் கேட்டபோது, ‘ம், எடும்மா’ என்று சொன்னவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குளிர்காலம் பூராவும் அம்மாவிடமிருந்து தப்பிக்க ஒரு வழி தானாக வந்து விழுந்திருக்கிறது, சொல்லாமல் இருந்துவிட்டாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவள் மேல் கோபம்கூட வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பஸ்ஸில் வரட்டும் என்றார்கள். இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஒன்றேகால் மணி நேரம். எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கிக் கொடு என்றார்கள். ஃபென்னாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், ஏன் என்று சொல்லவில்லை. வீட்டை மாற்று என்றார்கள். ஒப்பந்தப்படி ஒரு வருடம் ஆகாமல் முடியாது, வெல்டமில் அந்த நடு வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்து வாசலில் இலையுதிர்கால அலங்காரத்துக்குப் பூசணிக்காய்கூட வைத்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கிற ஹில்மர், “நீ பேசாம ஆத்துல பம்பைப் போட்டு எறைச்சிடு, பொண்ணு நடந்தே வரட்டும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயை விரித்தேன்.

முப்பதாம் தேதி படகை இழுத்துக் கரையேற்றினார்கள். அந்த வாரமே மத்தியஸ்தரிடமிருந்து புதுத் தாள் வந்தது. ஏப்ரல் வரை பள்ளி நாட்களில் பிள்ளை தகப்பனிடம், சனி ஞாயிறு மட்டும் தாயிடம். வெஸ்ஸல் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். கூடவே சின்னச் சீட்டு: ‘அவசரமில்லை, ரென்ஸ். அடுத்த வாரத்துக்குள் போதும்.’ அவன் எப்போதும் இப்படித்தான், கழுத்தை அறுக்கும்போதுகூட மெதுவாக அறுப்பான். பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். சமையலறையில் நின்றபடியே சீஸ் வைத்த ரொட்டி ஒன்றைத் தின்றேன், ருசி தெரியவில்லை. தாளை மடித்து சைக்கிள் பையில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை. அன்று மாலையிலிருந்து ஒரு வாரம் ஃபென்னா என்னிடம் இருக்க வேண்டிய முறை. வெஸ்ஸல் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம், நானே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினேன். மேற்குக் காற்று, முகத்தில் அறைகிற காற்று. நெதர்லாந்தில் பிறந்தவள் காற்றைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் அன்றைக்கு அது வேண்டுமென்றே செய்தது. பாலம்வரை பத்து கிலோமீட்டருக்கு நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போனேன், அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டித் திரும்பியதும் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. இதைத்தான் தினமும் போக ஒன்று, வர ஒன்று என்று அவள் மிதிக்க வேண்டும்.

ஃபென்னா தோழிகள் இரண்டு பேரோடு வந்தாள். என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாலம் சுத்தியா வந்த?”

“ஆமா.”

“பைத்தியமா உனக்கு? இந்தக் காத்துலயா?” தோழிகளுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். பிறகு பூட்டைத் திறந்து தன் சைக்கிளை இழுத்து வந்தாள்.

இருவரும் கரைமேட்டில் மேற்கே கிளம்பினோம். வரும்போது என்னைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று இப்போது மறுபடியும் எதிரே. பேச முடியாது, வாயைத் திறந்தால் காற்று அடைத்துக்கொள்ளும். நான் முன்னால், அவள் பின்னால். இடது பக்கம் பேரிக்காய்த் தோப்புகள், பறித்து முடித்த மரங்கள். நாலு கிலோமீட்டர் போயிருப்போம். எனக்கு மூச்சு இரைத்தது. ஒரு தோப்புக்காரரின் கிடங்குக்குப் பக்கத்தில் மரப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் மறைவில் சைக்கிளை விட்டு இறங்கினேன். பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் சட்டென்று காற்றின் இரைச்சல் அடங்கிக் காது திறந்துகொண்டது. சாலையோரத்தில் உண்டியல் வைத்துப் பேரிக்காய் விற்றார்கள். ஃபென்னா காசு போட்டு இரண்டு எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றைத் தன் ஜாக்கெட்டில் துடைத்து எனக்குக் கொடுத்தாள்.

“உனக்குத் தெரியும், இல்ல?” என்றேன். “படகு நின்னுடும்னு.”

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. “ம்.”

“ஏன் சொல்லல?”

பேரிக்காயை உருட்டி உருட்டி எங்கே கடிப்பது என்று பார்த்தாள். “அந்த வீட்ல ஜன்னல்கிட்ட நின்னுட்டு, இங்க நல்லாருக்குன்னு சொன்ன. நீ எதையாச்சும் நல்லாருக்குன்னு சொல்லிக் கேட்டு எவ்ளோ நாளாச்சு. படகு நின்னுடும்னு சொன்னா அதை எடுக்க மாட்ட. அந்தப் பின்தெரு வீட்டுக்குப் போயிருவ.” கடித்தாள். “பாதி அதுக்குத்தான்.”

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஜன்னல் நினைவிருந்தது, கப்பல் நினைவிருந்தது, அந்த வாக்கியம் மட்டும் இல்லை.

“மீதிப் பாதி?”

காலணி நுனியால் புல்லைக் கிண்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “குளிர்காலம் பூரா ஒரே வீட்ல இருக்கலாமேன்னு. வாராவாரம் பையைக் கட்டிட்டு அங்கயும் இங்கயும், அலுப்பா இருக்கும்மா. அப்புறம்…”

“சொல்லு.”

“உன் வீட்ல நீ இருக்க, ஆனா இல்லாத மாதிரியே இருக்கு. நான் பாட்டுக்குப் பேசிட்டே இருப்பேன். நீ ‘ஓ அப்படியா’ம்ப. அடுத்த நாள் அதையே திரும்பச் சொன்னாலும் ‘ஓ அப்படியா’ம்ப. ரெண்டு தடவை சொல்லிப் பாத்திருக்கேன்.”

வலித்தது. விலா எலும்புக்கு அடியில், ஓர் இடத்தில், துல்லியமாக. மூன்று வருடமாக எங்கேயும் வலிக்காதவள் நான். அதனால் முதலில் மிதித்த களைப்பு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் இது அது இல்லை என்று புரிந்தது. கண்ணீர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வலி மட்டும் அங்கேயே இருந்தது. எழுந்து சைக்கிள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். படித்தாள். அப்பாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள், பக்கத்தில் காலியாக இருந்த கோட்டின் மேலும் வைத்தாள்.

“நான் இதுல கையெழுத்துப் போடட்டுமா?”

“என்னைக் கேக்காதம்மா.” தாளை என் பக்கம் தள்ளினாள். “எல்லாரும் என்னையே கேக்கறீங்க. அப்பாவும் உன் இஷ்டம்ங்கறாரு, அந்த மத்தியஸ்தரும் உன் இஷ்டம்ங்கறாரு. நீங்கதானே பெரியவங்க? நீங்க எதையாச்சும் முடிவு பண்ணுங்களேன்.”

தாளை நானே வாங்கி மடித்தேன். அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். கை எழவில்லை, அவள் தோளில் ஒட்டியிருந்த சருகு ஒன்றை எடுத்துப் போட்டேன். “சாரி” என்றேன். “ஓ அப்படியான்னு மட்டும் சொல்லிடாத” என்றாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பேரிக்காய்க் காம்பை வாய்க்காலில் வீசினாள்.

“ஃபென்னா, திரும்பிப் போயிடலாமா? இங்கேர்ந்து உங்க அப்பா வீடு நாலு கிலோமீட்டர்தான். காத்து பின்னாடியே தள்ளிட்டுப் போயிடும்.”

“இல்ல” என்றாள். “பாலம் வரைக்கும் போய்ப் பாக்கலாம்.”

மறுபடியும் கரைமேட்டில் ஏறினோம். நான் வழக்கம்போல முன்னால் போனேன். எதிர்க்காற்றில் இரண்டு பேர் போனால் வலுவானவர் முன்னால் போவார், மற்றவர் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவார். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்குப் பாதிக் கஷ்டம்தான். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கும்போதே இதையும் பழக்கிவிடுவோம். பெற்றவர் முன்னால், பிள்ளை பின்னால். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் என் கால்கள் ஓய்ந்துவிட்டன. முழங்கால் தூக்கவில்லை. அப்போது அவள் என் பக்கமாக வந்தாள். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டினாள், எனக்கு நேர் முன்னால் வந்து வரிசை பிடித்தாள்.

“பின்னாடி ஒட்டிக்கிட்டு வா!” என்று கத்தினாள்.

ஒட்டிக்கொண்டேன். காற்று நின்றது. நின்றது என்றால், தலைக்கு மேலும் இரு பக்கத்திலும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, எனக்கு நேராக மட்டும் இல்லை. அவள் முதுகு அவ்வளவு சின்னது. அதற்குள் நான் எங்கே அடங்குவேன்? இருந்தாலும் கொஞ்சம் அடங்கத்தான் செய்தேன். அவள் கழுத்துக்குப் பின்னால் முடி பிரிந்து பறந்தது. ஜாக்கெட் இரண்டு பக்கமும் உப்பி உப்பி அடங்கியது. அவள் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். பாலம் தூரத்தில் சாம்பல் நிறத்தில் தெரிய ஆரம்பித்தது. பிறகு என் கால் மறுபடியும் தளர்ந்தது. அவள் சக்கரத்துக்கும் என் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்த இடைவெளி இரண்டு முழமானது, ஆள் நீளமானது, இரண்டு ஆள் நீளமானது. அந்த இடைவெளிக்குள் காற்று பாய்ந்து வந்து என் நெஞ்சில் அறைந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. போகட்டும் என்று நினைத்தேனா, வேண்டாம் என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக்கூடச் சாய்க்கவில்லை. ஆனால் நான் பின்தங்கியது தெரிந்ததுபோல மிதிப்பதை நிறுத்தியிருந்தாள். அந்தக் காற்றில் மிதிக்காமல் விட்டால் சைக்கிள் பத்தடிகூட ஓடாது. அவள் வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, முன்சக்கரம் தள்ளாட ஆரம்பித்தது. விழாமல் இருக்கக் கைப்பிடியை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிச் சமாளித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள், காலை மட்டும் தரையில் ஊன்றாமல்.